நாவாய்ப்பூச்சி வீட்டுக்குள் வருவது ஏன், வராமல் தடுப்பது எப்படி

செப்டம்பர் கடைசி வாரத்தில், முந்தின நாள் குளிர்ந்து மறுநாள் வெயில் ஏறிய ஒரு பிற்பகலில், எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் இருந்த பூச்சிகளை எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். கேடயம் போன்ற தட்டையான பழுப்பு உடலும் மெதுவான நடையும் கொண்ட அவை, சன்னல் சட்டத்துக்கும் வெளிச்சுவர்ப் பலகைக்கும் நடுவே இருந்த பிளவை உணர்கொம்பால் தடவிப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தலையை நுழைத்து, உடலைச் சாய்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. அன்று அந்தப் பிளவை அடைக்காமல் விட்டதன் விலையை ஏப்ரல் வரை தந்தேன்.

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வாழும் தமிழர்கள் ‘ஸ்டிங்க் பக்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட இந்தப் பூச்சியைத் தமிழில் நாவாய்ப்பூச்சி என்கிறோம். நெல் பால்பிடிக்கும் பருவத்தில் கதிரை உறிஞ்சிப் பதராக்கும் கதிர் நாவாய்ப்பூச்சியை அறிந்தவர்களுக்கு இந்த நாற்றம் புதிதாக இராது. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த தூரத்து உறவுகள். ஆனால் பென்சில்வேனியா, நியூஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா வீடுகளில் நுழைவது பெரும்பாலும் ஹாலியோமார்ஃபா ஹாலிஸ் என்னும் ஒரே இனம்தான். அதன் சொந்த ஊர் சீனா, ஜப்பான், கொரியா, தைவான் ஆகியவை. அமெரிக்காவில் அது முதன்முதலாகப் பிடித்துச் சேகரிக்கப்பட்டது 1998ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவில் நான் குடியிருக்கும் இதே அலென்டவுன் பகுதியில். உள்நாட்டுப் பூச்சி என்றே சில ஆண்டுகள் கருதப்பட்டு, 2001இல்தான் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் ரிச்சர்டு ஹோபெக் அதைச் சரியாக இனங்கண்டார். அதற்குள் அது பல ஊர்களுக்குப் பரவியிருந்தது.

இனத்தை உறுதிசெய்துகொள்வது எளிது. வளர்ந்த பூச்சி ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உணர்கொம்புகளில் வெள்ளை வளையங்கள் தெரியும். வயிற்றின் ஓரத்தில் கருமையும் வெண்மையும் மாறிமாறி வரும். தோள்பகுதி முள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். தோள் கூர்மையாக முள்போல் நீண்டிருந்தால், அது புழுக்களைக் குத்தி உண்ணும் நன்மைப் பூச்சியாக இருக்கக்கூடும். அதைத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். பின்னங்கால் இலைபோல் விரிந்திருந்தால் அது ஊசியிலை மரங்களின் விதையை உண்ணும் வேறொரு பூச்சி. அதுவும் இதே காலத்தில் இதே காரணத்துக்காகத்தான் வீட்டுக்குள் வருகிறது என்பதால், கீழே சொல்லும் வழிகள் அதற்கும் பொருந்தும்.

உணவைத் தேடி வருவதில்லை

எறும்பும் கரப்பானும் சமையலறைக்காக வருகின்றன. ஆகவே வீட்டைச் சுத்தமாக வைத்தால் குறையும். இந்தப் பழக்கத்தில் நாம் நாவாய்ப்பூச்சியையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். என் உறவினர் ஒருவர், வீட்டில் பூச்சி வந்ததைத் தம் வீட்டுப் பராமரிப்புக்கே வந்த குறையாக எண்ணி, விருந்தினர் வரும் நாள்களில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வெட்கத்துக்கு இடமே இல்லை. இந்தப் பூச்சி செடிகளின் சாற்றை ஊசி போன்ற வாயால் உறிஞ்சி வாழ்வது. உங்கள் அரிசி, பருப்பு, பழத்தோல், சிந்திய பால் எதுவும் அதை அழைப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் மாதங்களில் அது பெரும்பாலும் எதையும் உண்பதே இல்லை.

அது தேடுவது உறங்க ஓர் இடம். ஜூன் கடைசியிலிருந்தே பகல் சிறிதுசிறிதாகக் குறுகிக்கொண்டு வருகிறது. ஜூனில் பதினைந்து மணி நேரம் நீண்ட பகல், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வந்துவிடுகிறது. இந்தக் குறுக்கமும் இரவின் குளிர்ச்சியும் சேர்ந்து பூச்சியின் உடலுக்குள் ஒரு மாற்றத்தைத் தொடங்கிவைக்கின்றன. அந்தப் பருவத்தில் முதிர்ச்சி அடையும் பூச்சிகள் இணைசேர்வதில்லை. பெண்பூச்சிகளின் சூலகம் வளராமல் நின்றுவிடுகிறது. உண்டது கொழுப்பாகச் சேர்கிறது. பிறகு அவை சோயா வயலையும் ஆப்பிள் தோப்பையும் விட்டுப் பறந்து, உயர்ந்து நிற்கும் எதையாவது நாடிச் செல்கின்றன.

மனித வீடு இல்லாத காட்டில் அவை எங்கே போகும் என்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். நின்ற நிலையிலேயே பட்டுப்போன பெரிய மரங்களில், குறிப்பாகத் தடித்த பட்டை சற்றே கழன்று நிற்கும் ஓக் போன்ற மரங்களில், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அவை இருந்தன. தரையில் விழுந்து ஈரமேறிய மரங்களையும் இலைக்குவியலையும் அவை நாடவில்லை. காய்ந்த, இருண்ட, முதுகும் வயிறும் இருபுறமும் உரசும் அளவுக்கு ஒடுங்கிய பிளவு என்பதே அவை கேட்கும் இடத்தின் இலக்கணம். இனி உங்கள் வீட்டை அதன் கண்ணால் பாருங்கள். மழை புகாத பலகைச் சுவர், அதன் அடியில் ஒடுங்கிய இடைவெளி, கூரையின் ஓரத்தில் பரணுக்குப் போகும் சந்து ஆகிய அனைத்தும் கொண்ட ஒரு பெரிய பட்டுப்போன மரம் அங்கே நிற்கிறது. வயலையும் காட்டையும் ஒட்டிய வீடுகளுக்கு அதிகமாக வருவதும் இதனால்தான். நடு நகரத்து அடுக்குமாடியில் இருப்பவருக்கு ஒன்றிரண்டு வரும் அதே வாரத்தில், சோளக் கொல்லையின் ஓரத்தில் இருப்பவருக்கு நூற்றுக்கணக்கில் வரும்.

எண்ணிக்கை எவ்வளவு போகக்கூடும் என்பதற்கு ஒரு பதிவு உண்டு. மேரிலாந்தில் வனவுயிர் ஆய்வாளர் ஒருவர் 2011 ஜனவரியிலிருந்து ஜூன் வரை தம் சொந்த வீட்டில் பிடித்த ஒவ்வொரு பூச்சியையும் கணக்கெழுதி வைத்தார். மொத்தம் 26,205. இது விதிவிலக்கான வீடுதான். ஆனாலும் உள்ளே வந்துவிட்ட பூச்சிகளில் நம் கண்ணில் படுபவை எத்தனை சிறிய பகுதி என்பதை அந்தக் கணக்கு உணர்த்துகிறது.

இதே வகை இடப்பெயர்ச்சி நம் ஊர்ப்பக்கமும் உண்டு. கேரளத்தின் ரப்பர் தோட்டப் பகுதிகளில், கோடை மழையின் முதல் தூறலோடு முப்ளி வண்டுகள் லட்சக்கணக்கில் வீடுகளுக்குள் புகுந்து, ஓட்டுக் கூரையின் இடுக்குகளில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றன. அங்கே தூண்டுவது மழை, இங்கே குறுகும் பகல். ஆனால் இரண்டுமே பசிக்காக வருவதில்லை.

ஜனவரியில் கண்ணில் படுவது அக்டோபரில் வந்தது

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பணமும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் நின்றுவிடும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது வரவேற்பறை விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தால், அது எந்த வழியாக இப்போது வந்தது என்று பலரும் கதவைச் சோதிக்கிறார்கள். அது இப்போது வரவில்லை. இலையுதிர்காலத்திலேயே சுவருக்குள்ளோ பரணிலோ போய்ப் படுத்த பூச்சி, வீட்டுச் சூடேற்றியின் வெப்பம் பட்டு விழித்து, வெளிச்சம் தெரியும் பக்கமாக நகர்ந்து, வெளியே போவதாக எண்ணி அறைக்குள் வந்துவிட்டது. வெயிலடிக்கும் குளிர்கால நாள்களில் கூடுதலாக வருவதற்கும் அதுவே காரணம். மின்சாரப் பெட்டியின் ஓரம், சுவரடிப் பலகையின் பிளவு, கூரை விளக்கின் வளையம், மின்விசிறியின் அடிப்பகுதி, பரணுக்குப் போகும் கதவு ஆகியவையே அது அறைக்குள் இறங்கும் வழிகள்.

அறைக்குள் வந்த பூச்சி உங்களைக் கடிக்காது, மரத்தை அரிக்காது, துணியைத் தின்னாது, நோயைப் பரப்பாது, முட்டையிடாது. வசந்தத்தில் வெளியே போய்ச் சில நாள் செடியை உண்ட பிறகே பெண்பூச்சி முட்டையிடும் நிலைக்கு வருகிறது. ஆகையால் வீட்டுக்குள் அதன் எண்ணிக்கை பெருகுவதற்கு வழியே இல்லை. அக்டோபரில் எத்தனை நுழைந்தனவோ அத்தனைதான். ஆனால் ஒவ்வாமை உள்ள சிலருக்கு, பூச்சி நிறைந்த வீட்டில் மூக்கொழுகலும் கண்ணரிப்பும் வருவதுண்டு. நசுங்கிய பூச்சியின் திரவம் தோலில் எரிச்சல் தரலாம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

நாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மார்பின் அடிப்பக்கத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து, அச்சுறுத்தப்படும்போது மட்டும், பூச்சி ஒரு திரவத்தை வெளிவிடுகிறது. அதிலுள்ள முக்கியமான வேதிப்பொருளான டிரான்ஸ்-2-டெசினல் கொத்தமல்லித் தழையிலும் இருக்கிறது. முதல் முறை அதை முகர்ந்தபோது, யாரோ பழைய கொத்தமல்லிக் கட்டைத் தண்டோடு கசக்கிவிட்டார்கள் என்றே நான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பூச்சியை நசுக்கினால் அந்த நாற்றம் மற்றவற்றை அழைத்துவரும் என்று சொல்லப்படுவது சரியன்று. கூட்டம் சேர்ப்பதற்கு ஆண்பூச்சிகள் வெளிவிடுவது வேறொரு பொருள். அதுவும் செடிகளில் உண்டு வாழும் பருவத்துக்கு உரியது. நசுக்க வேண்டாம் என்பதற்குக் காரணம், சுவரிலும் திரையிலும் கறையும் நாற்றமும் தங்கும் என்பதே. கையில் பட்டுவிட்டால் சோப்பு மட்டும் எளிதில் எடுக்காது. முதலில் சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுவது எனக்குப் பலன் தந்திருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்து வேலை

தடுப்பு என்பது அடைப்பதுதான். அதைச் செய்ய வேண்டிய காலம் ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. அதற்குப் பிறகு பூச்சிகள் சுவரில் ஏறத் தொடங்கிவிடும். நவம்பரில் அடைத்தால் உள்ளே போனவற்றை உள்ளேயே பூட்டுவதாகும். அதோடு குளிரில் அடைப்புப் பசையும் சரியாகப் பிடிக்காது.

முதலில் பிளவுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். காற்று வீசும் ஒரு நாளில் எல்லாச் சன்னல்களையும் மூடி, சமையலறையின் புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியை ஏற்றிச் சன்னல் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டு போங்கள். நேராக ஏறும் புகை எங்கே திடீரென்று வளைந்து அறைக்குள் தள்ளப்படுகிறதோ அங்கே வெளிக்காற்று நுழைகிறது. காற்று நுழையும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்தபோது, புதிதாக மாற்றிய சன்னல்கள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. வீட்டைக் கட்டியபோதே வைத்த குளியலறைச் சன்னலின் கீழ்மூலையில்தான் புகை ஓடித் திரும்பியது. திரைச்சீலையை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். பரணில் ஊதுபத்தி வேண்டாம். அங்கே வெப்பம் காக்கும் பஞ்சு இருக்கும். பரணுக்குப் பகலில் ஏறி, விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தால், வெளிவெளிச்சம் ஊசிபோல் உள்ளே பாயும் இடங்களெல்லாம் தாமாகத் தெரியும்.

வெளிப்புறத்தில் பார்க்க வேண்டியவற்றுள் முதலில் வருவது சன்னல், கதவு ஆகியவற்றின் சட்டம் சுவரைத் தொடும் கோடு. அடுத்தது சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் குழாய், மின்கம்பி, தொலைக்காட்சிக் கம்பி, குளிர்சாதனக் குழாய் ஆகியவற்றைச் சுற்றியுள்ள ஓட்டை. பிறகு கூரை ஓரத்துப் பலகையின் அடிப்பக்கம், புகைபோக்கி கூரையைத் தொடும் இடம், கதவின் அடி, வாகனக் கொட்டகைக் கதவின் கீழ்விளிம்பு. பூச்சியின் உடல் தட்டையாக இருப்பதால், பென்சில் நுழையாத பிளவிலும் அது நுழைந்துவிடும். ஆகவே சிறியது என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

சிறிய பிளவுக்குச் சிலிக்கான் அல்லது சிலிக்கான் கலந்த லேட்டக்ஸ் அடைப்புப் பசை போதும். பிளவைத் தூரிகையால் துடைத்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஈரம் காய்ந்த பிறகே புதிதைப் போட வேண்டும். பழையதன் மேல் பூசியது ஓராண்டில் உரிந்துவிடும். விரல் நுழையும் அளவுள்ள இடைவெளியில் நுரைக் கயிற்றை முதலில் திணித்து, அதன் மேல் பசையைப் போட்டால் உறுதியாக நிற்கும். குழாயைச் சுற்றிய பெரிய ஓட்டைக்கு விரிந்து இறுகும் நுரை ஏற்றது. கதவின் அடியில் ரப்பர் அல்லது தூரிகைப் பட்டை பொருத்துங்கள். கிழிந்த கொசுவலையை மாற்றுங்கள். சன்னலில் பொருத்தும் குளிர்சாதனப் பெட்டி இருந்தால், செப்டம்பர் தொடக்கத்திலேயே கழற்றி உள்ளே வைத்துவிடுவது நல்லது. அதன் இருபக்கத்து மடிப்பலகைகள் நாவாய்ப்பூச்சிக்கென்றே செய்துவைத்த நுழைவாயில் போன்றவை.

அடைக்கக் கூடாத இடங்களும் உண்டு. இவற்றில் தவறு செய்தால் பூச்சியால் வரும் தொல்லையைவிடப் பெரிய ஆபத்து வந்துசேரும். எரிவாயுச் சூடேற்றியும் நீர்ச்சூடேற்றியும் புகையை வெளியேற்றும் குழாய் வாயை எதைக் கொண்டும் மூடக் கூடாது. நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பும். துணி உலர்த்தியின் வெளிக்குழாயில் வலை கட்டக் கூடாது. பஞ்சுத் தூசி சேர்ந்து தீப்பிடிக்கும். தானாக மூடிக்கொள்ளும் மடிப்புமூடி சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். செங்கற்சுவரின் அடிவரிசையில் விட்டிருக்கும் சிறு திறப்புகளும், பிளாஸ்டிக் வெளிச்சுவர்ப் பலகையின் கீழ்விளிம்பும் சுவருக்குள் சேரும் நீர் வடிவதற்காக உள்ளவை; அவற்றைப் பசையால் மூடினால் சுவர் உள்ளுக்குள் அழுகும். பரணின் காற்றுத் திறப்புகளை மூடாமல், உட்பக்கம் நெருங்கிய கம்பிவலை பொருத்தி, ஆண்டுக்கு ஒருமுறை தூசியைத் துடைத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் பழைய மரவீட்டை முழுவதுமாக அடைக்க முடியாது. அதனால் இரண்டாவது அரண் உட்புறம். பரண் கதவின் விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டுவது, கூரை விளக்கு வளையங்களைச் சுற்றி அடைப்பது, மின்செருகிப் பலகைகளின் பின்னால் அதற்கென விற்கும் மெல்லிய நுரைத்தாளை வைப்பது ஆகிய மூன்றும், சுவருக்குள் இருக்கும் பூச்சியை அங்கேயே நிறுத்திவைக்கும். மின்செருகியைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க மறவாதீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த உட்புற வேலைதான் கைக்கு எட்டியது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே படுக்கையறை நிம்மதியாக இருக்கும்.

உள்ளே வந்துவிட்டவற்றை என்ன செய்வது

நாவாய்ப்பூச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு: தொந்தரவு செய்தால் பிடியை விட்டுக் கீழே விழும். இந்தப் பழக்கத்தைக் கொண்டே அதைப் பிடிக்கலாம். அகன்ற வாயுள்ள ஒரு பழைய ஊறுகாய்ப் புட்டியில் மூன்று விரற்கிடை தண்ணீர் ஊற்றிப் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைச் சில சொட்டு விடுங்கள். சுவரிலோ திரையிலோ இருக்கும் பூச்சிக்கு நேர்கீழே புட்டியின் வாயைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேலிருந்து ஓர் அட்டைத் துண்டால் மெல்லத் தொட்டால், அது நேராகத் தண்ணீருக்குள் விழும். வெறும் தண்ணீரில் மிதந்து ஏறிவிடும். சோப்புக் கலந்தால் நீரின் மேற்பரப்பு அதைத் தாங்காது, மூழ்கிவிடும். கையால் தொட வேண்டியதில்லை, நாற்றமும் பரவாது. எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் மாடிப்படி முனையில் இப்படி ஒரு புட்டி இருக்கும். ஆறு வயதுக் குழந்தைகூட இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

எண்ணிக்கை அதிகமானால் உறிஞ்சுக் கருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பைக்குள் பூச்சி சேர்ந்தால், அடுத்த முறை கருவியை ஓட்டும்போதெல்லாம் அந்த நாற்றம் வீடு முழுவதும் வீசும். அதைத் தவிர்க்க, ஒரு பழைய நைலான் காலுறையைக் குழாயின் முனைக்குள் செருகி, அதன் விளிம்பை வெளியே மடித்து ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். உறிஞ்சிய பூச்சிகள் காலுறைக்குள்ளேயே நிற்கும்; கருவியை நிறுத்தும் முன் காலுறையை வெளியே இழுத்து முடிச்சிட்டுச் சோப்பு நீரில் போட்டுவிடலாம்.

பொறிகளில் பயனுள்ளது ஒன்றே ஒன்று. அது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகைப் பொறிகளை வீடுகளில் வைத்துச் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, அடுப்பில் வைக்கும் அகன்ற அலுமினியத் தட்டில் சோப்பு நீர் ஊற்றி, அதன் மேல் ஒரு விளக்கை ஏற்றி வைத்த எளிய பொறி, கடையில் விற்கும் பொறிகளைவிடப் பதினான்கு மடங்கு பூச்சிகளைப் பிடித்தது. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பூச்சி அதிகம் உள்ள அறையிலோ பரணிலோ இதை வையுங்கள். தண்ணீருக்கு மேலே மின்கம்பி தொங்குவது ஆபத்து. மின்கலத்தில் எரியும் விளக்கே பாதுகாப்பானது. ஆழ்ந்த குளிரில் பூச்சிகள் அசையாமல் கிடக்கும் வாரங்களில் எதுவும் விழாது. மார்ச், ஏப்ரலில் அவை வெளியேற எழும்போதுதான் இதன் பலன் தெரியும்.

மருந்து அடிப்பது பற்றி என் கருத்து கடுமையானது; அதற்குக் காரணம் பட்டறிவு. முதல் குளிர்காலத்தில், பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றை அழைத்தோம். டிசம்பரில் வந்து பரணிலும் சுவரிடுக்குகளிலும் மருந்தைச் செலுத்தினார்கள். சில வாரம் அமைதியாக இருந்தது. கோடையில் கம்பளத்தின் ஓரங்களிலும், பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையிலும் பொத்தல்கள் விழத் தொடங்கின. சுவருக்குள் செத்துக் குவிந்த பூச்சிகளை உண்பதற்குக் கம்பளவண்டு வந்து பெருகி, அவை தீர்ந்ததும் கம்பளியையும் பட்டையும் தேடி வெளியே வந்திருந்தது. இதை முன்பே எச்சரிக்காதது அந்த நிறுவனத்தின் தவறு. கேட்காதது என் தவறு. பல்கலைக்கழக விரிவாக்க மையங்களும் சுவருக்குள் மருந்து செலுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. பரணில் புகைமருந்துக் குப்பி வைப்பதும் அப்படியே. பரணில் பிளவுக்கு வெளியே இருப்பவற்றைக் கொன்றாலும் பிளவுக்குள் ஒடுங்கியவற்றை அது எட்டாது, மறுநாள் வருவதைத் தடுக்கவும் தடுக்காது. வெளிச்சுவரில் செப்டம்பரில் பைரித்ராய்டு வகை மருந்து அடிப்பது ஓரளவு பயன்படும். ஆனால் வெயிலிலும் மழையிலும் அதன் வீரியம் சில நாள்களில் குறைந்துவிடும். உரிமம் பெற்றவரைக் கொண்டு, அடைப்பு வேலையை முடித்த பிறகும் தாங்க முடியாத அளவில் வந்தால் மட்டும் செய்யுங்கள்.

தோட்டமும் பெட்டியும்

கொல்லையில் வெண்டை, மிளகாய், தக்காளி, அவரை போடாத தமிழ் வீடு இந்தப் பகுதியில் குறைவு. அவை எல்லாமே இந்தப் பூச்சிக்கு உணவு. தக்காளியின் தோலுக்கு அடியில் வெண்மையான பஞ்சு போன்ற திட்டும், வெண்டைக்காயில் கொப்புளமும் வளைவும் கண்டால், அது ஊசிவாயால் உறிஞ்சியதன் தழும்பு. 2010இல் மத்திய அட்லாண்டிக் மாநிலங்களின் ஆப்பிள் விவசாயிகளுக்கு மட்டும் மூன்று கோடியே எழுபது லட்சம் டாலர் இழப்பை இந்த ஒரே பூச்சி ஏற்படுத்தியது என்பதை நினைத்தால், நம் கொல்லைச் சேதம் சிறியதுதான்; ஆனாலும் அங்கே பெருகுபவையே இலையுதிர்காலத்தில் அருகிலுள்ள சுவரில் ஏறுகின்றன.

ஜூனிலிருந்து வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிர் பச்சை கலந்த வெண்ணிற முட்டைகள், ஏறக்குறைய இருபத்தெட்டு, நெருக்கமாக ஒட்டியிருக்கும். அந்த இலையைக் கிள்ளிச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். முட்டைகள் கருத்திருந்தால் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே அவற்றுக்குள் தன் முட்டையை இட்டிருக்கக்கூடும். ஆசியாவில் இந்த நாவாய்ப்பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருக்கும், எள்ளளவே உள்ள சாமுராய்க் குளவி 2014இல் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் அருகே காணப்பட்டது. யாரும் கொண்டுவந்து விடாமல் தானாகவே வந்து சேர்ந்தது அது. அதன் வேலைக்கு நாம் இடையூறாக இருக்கக் கூடாது. வாசனை வைத்துக் கவரும் பொறிகளைத் தோட்டத்தில் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பிடிப்பதைவிட அதிகமான பூச்சிகளை உங்கள் செடிகளின் பக்கம் அழைத்துவருகின்றன.

பரணில் வைத்திருக்கும் பயணப் பெட்டிகளையும் மறக்க வேண்டாம். மடிப்பும் பையும் நிறைந்த பெட்டி இந்தப் பூச்சிக்கு மிகப் பிடித்த உறைவிடம். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ உள்ள உறவினரைப் பார்க்கக் குளிர்காலத்தில் புறப்படுபவர்கள் பெட்டியை வெளியே எடுத்து, ஒவ்வொரு உறையையும் திறந்து உதறிய பிறகே துணி அடுக்க வேண்டும். அந்த இரு நாடுகளும் இந்தப் பூச்சி தங்கள் மண்ணில் வேரூன்றாதபடி கடுமையாகக் காவல் காக்கின்றன. 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து வாகனங்களை ஏற்றிவந்த கப்பல்களையே நியூசிலாந்து இதற்காகத் திருப்பி அனுப்பியது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இப்பூச்சி உள்ள நாடுகளிலிருந்து கப்பலேறும் பலவகைச் சரக்குகளுக்கு ஆஸ்திரேலியா பூச்சிநீக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஏப்ரலில் வெயில் ஏறியதும் வீட்டுக்குள் எஞ்சியவை சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் வந்து சேரும். இரக்கப்பட்டுச் சன்னலைத் திறந்து விட்டால், அவை இரண்டொரு வாரத்தில் உண்டு இணைசேர்ந்து, உங்கள் தக்காளிச் செடியிலேயே முட்டையிடும். ஆகவே அவற்றையும் சோப்பு நீர்ப் புட்டிக்கே அனுப்புங்கள். அப்போது எந்தச் சன்னலில், எந்த மூலையில் அதிகம் கூடுகின்றன என்று ஒரு தாளில் குறித்து, அடைப்புப் பசை வைத்திருக்கும் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். ஆகஸ்டில் ஏணியை எடுத்து வைக்கும்போது முதலில் எந்தச் சுவருக்குப் போக வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்லும்.